இடமாகச் சுற்றிய குண்டு

எங்கள் கடையில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவோம். முன்னால் கடை, பின்னால் வீடு, எதிரே செங்கம் ரோடு. கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற காலத்தில் கருகிப்போன மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வார்னிஷ் நாற்றத்தில் எனக்குச் சோறு இறங்காது. அப்புறம் பழகிவிட்டது. எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் பட்டப்பகலில் நாலு பேர் ஆளுக்கொரு மூலை பிடித்து, மேலே வெள்ளைத் துணி போர்த்திய நீளப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு எங்கள் கடையை நோக்கி வந்தார்கள். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மடியிலிருந்த கீரையெல்லாம் ரோட்டில் கொட்டியது.

அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். அப்போது என் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி, காணாமல் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து பார்த்த கடைதான் அது. ஒரு தீபத் திருநாள் சாயங்காலம் சைக்கிளைப் பின்கட்டில் சாத்திவிட்டு, "ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன் அண்ணி, தோசைக்கல்ல எறக்கிடாதீங்க" என்று சொல்லிக் கிளம்பியவர், மலை சுற்றப் போனவர், திரும்பவில்லை. வீட்டில் சண்டை கிடையாது. காதல் கீதல் எதுவும் கிடையாது. வெளியூர்க்காரர்கள் இந்த ஊருக்கு வந்து காவி கட்டிக்கொண்டு தொலைந்துபோவதை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். உள்ளூர்க்காரர் உள்ளூரிலேயே தொலைவாரா? எனக்கு அவர்மேல் வருத்தத்தைவிடக் கோபம்தான் ஜாஸ்தி. கல் புகைந்து வீடெல்லாம் கமறிய பிறகுதான் அன்றைக்கு அதை இறக்கினேன்.

அந்த வெள்ளைத் துணியை விலக்கினால் உள்ளே பிணம் இல்லை, காசு போட்டுக் குண்டு அடித்து ஆடுகிற பின்பால் மெஷின். தீபத்துக்குப் பொருட்காட்சி போடுகிறவர் மெட்ராஸில் ஏலத்தில் எடுத்தது. அமெரிக்காவில் செய்தது, எந்தக் காலத்திலோ கப்பலில் வந்தது, ஓடவில்லை. பொருட்காட்சிக்காரர் அதைக் குண்டு மெஷின் என்றார். "காயில் கட்டற கை உங்க கை. உயிர் குடுத்துடுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். என் மாமியார் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பிறகு ரோட்டிலிருந்த கீரையைப் பொறுக்கினார்.

மெஷினின் கண்ணாடிப் பலகையைத் தூக்கி நிறுத்தியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மேலே பார்த்தால் விளக்கும் பொம்மையும். கீழே பார்த்தால் குடல். நூற்றுக்கணக்கான ஒயர்கள், ஒவ்வொரு நிறம், மெழுகு பூசிய நூலால் கொத்துக் கொத்தாகக் கட்டியிருந்தது. பூக்கட்டுகிற முடிச்சு மாதிரியே இருந்தது. கட்டியது ஒரு பொம்பளைக் கைதான் என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அப்புறம் பெட்டியின் உள்சுவரில் பென்சிலால் இரண்டு ஆங்கில எழுத்து, பக்கத்தில் சின்னதாக ஒரு பூ வரைந்திருந்ததைக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் உட்கார்ந்து இதைக் கட்டிய அந்தப் பொம்பளை இப்போது இருப்பாளோ இல்லையோ. அவள் போட்ட முடிச்சு மட்டும் இறுக்கமாக இருந்தது.

மெஷினின் சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. வலது கைப்பக்கம் ஒரு சுண்டுகம்பி. அதை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு ஓரமாக மேலே ஏறி, உச்சியில் வளைந்து, சரிவில் இறங்கும். வழியில் குமிழ்கள். குண்டு பட்டதும் அடியிலுள்ள காயில் மின்சாரம் பாய்ந்து குமிழ் அதை எட்டி உதைக்கும். கீழே குழி, விழாமல் தடுக்க இரண்டு மட்டைகள். பெட்டிக்குள் ஒரு தூக்குக்குண்டு, கொத்தனார் சுவர் பார்ப்பது போன்றது, ஒரு வளையத்துக்கு நடுவில் தொங்கும். ஆடுகிறவன் ஏமாற்றுவதற்காக மெஷினை அசைத்தால் அது வளையத்தில் படும், எல்லாம் செத்துப்போகும். தறிகெட்டு அசைகிறவனுக்கு இப்படி ஒன்று எல்லா வீட்டிலும் மாட்டி வைக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

கருகின காயில்களை அவிழ்த்து மறுபடி சுற்றியதும் மெஷினுக்கு உயிர் வந்துவிட்டது. பொருட்காட்சிக்காரருக்கு ஆசையும் வந்துவிட்டது. கண்ணாடியில் இருக்கிற வெள்ளைக்காரி படமெல்லாம் இந்த ஊரில் எடுபடாது, நம்ம மலையை வைத்துப் புதிதாக ஒன்று செய்யுங்கள் என்றார். அடுத்த தீபத்துக்குள் வேண்டும்.

என் வீட்டுக்காரர் பழுப்புக் காகிதத்தை ஒட்டி ஒட்டிப் பெரிதாக்கித் தரையில் விரித்துக்கொண்டு வரைந்தார். நடுவில் மலை. சுற்றிக் கிரிவலப் பாதை. பாதையில் எட்டு லிங்கத்துக்கும் எட்டு விளக்கு. குண்டு தாண்டும்போது ஒவ்வொன்றாக எரியும். எட்டும் எரிந்தால் உச்சியில் தீபம் எரிந்து மணி அடிக்கும். லிங்கங்களையே உதைக்கும் குமிழாக வைக்கலாமே என்று பொருட்காட்சிக்காரர் கேட்டதற்கு, "சாமியப் போய் குண்டால அடிக்கச் சொல்றியா?" என்று இவர் எகிறினார். குமிழ்களுக்கு மண்டபம் வரைந்தது அப்படித்தான்.

வரைந்து முடித்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது. அமெரிக்க மெஷினில் குண்டு வலது ஓரமாக ஏறி இடது பக்கம் இறங்குகிறது. அப்படி ஓடினால் மலை குண்டுக்கு இடது கைப்பக்கம் இருக்கும். இந்த ஊரில் மலையை வலது கைப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவோம். இடமாகச் சுற்றுவது பிணத்தை மட்டும்தான், சுடுகாட்டில், கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு. அதனால் சுண்டுகம்பியை இடது பக்கத்துக்கு மாற்றி, எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுப் புதிதாக வரைந்தார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு இரண்டு முறை காபி கேட்டார்.

பிறகு வேலை நடந்தது. ஓடுகிற குண்டு, லாரி பேரிங்கை உடைத்து எடுத்தது. ரப்பர் வளையம், சைக்கிள் டியூபை அறுத்தது. ஒட்டுப்பலகை அறுத்துக் கால் வைத்தது தச்சர். ஒயர் கட்டியது நான். பூக்கட்டும் முடிச்சையே போட்டேன். அமெரிக்காக்காரியைவிட என் முடிச்சு நெருக்கம். படம் எழுதியது தேரடித் தெருவில் கண்ணாடியில் சாமி படம் எழுதி ஃப்ரேம் போடுகிற பெயின்டர். நிற்கிற கண்ணாடியில் கோபுரமும் தீபமும் எழுதி, மெஷினை அசைத்தால் எரிவதற்கு "ஆட்டாதே" என்று சிவப்பில் எழுதிக்கொடுத்தார். ஆடுகிற பலகையையும் காகிதத்தைப் பார்த்து வரைந்து, துளை போட வேண்டிய இடமெல்லாம் புள்ளி வைத்து அனுப்பினார்.

மணிக்குத்தான் எதுவும் சரியாக அமையவில்லை. வெண்கல மணி பூஜைச் சத்தமாக இருந்தது. என் வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாமல் பின்கட்டுக்குப் போய், தம்பியின் சைக்கிளிலிருந்த பெல்லைக் கழற்றிக்கொண்டு வந்து மெஷின் தலையின் வெளிப்பக்கத்தில் முடுக்கினார். காயில் இழுத்தால் உள்ளிருந்து ஒரு கம்பி வந்து அதைத் தட்டும். கட்டைவிரலால் தட்டுகிற நெம்பையும் அப்படியே விட்டிருந்தார். ஒயர் கொடுத்து ஒரு தரம் அடித்துப் பார்த்தார்.

என் மாமியார் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கையெல்லாம் மாவு. "வந்துட்டானா? எங்க? சைக்கிள எங்க நிறுத்தினான்?" என்று வாசல் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான்தான் போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். பெல்லைக் கழற்றட்டுமா என்று மறுநாள் இவர் கேட்டதற்கு, "இருக்கட்டும்டா" என்றார் மாமியார்.

அதற்கப்புறம் அது தானாகவும் அடிக்க ஆரம்பித்தது. உச்சி வெயிலில் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். ரோட்டில் ஈ காக்கை இருக்காது. முன்பக்கத்திலிருந்து ஒரே ஒரு தரம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள், பிளக் தரையில் கிடக்கும். எலி என்றார் இவர். எலிக்குக் கட்டைவிரல் உண்டா என்று கேட்டேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த மாதங்களில் கடைக்குள் தனியாகப் போக நேர்ந்தால் சும்மாவாவது இருமிக்கொண்டு போவேன்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரரின் பெரியப்பா வந்தார். என் மாமனார் போனபிறகு குடும்பத்தில் அவர் வாக்குதான் வாக்கு. மெஷினுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காணாமல் போனவனை எத்தனை காலம் இப்படி வைத்திருப்பது என்று ஆரம்பித்தார். தர்ப்பையில் பொம்மை செய்து எரித்துக் காரியம் பண்ணிவிடலாம், இல்லாவிட்டால் ஆவி அலையும் என்றார்.

"பண்ணிட்டா அவன் செத்தவனாயிடுவான்" என்றார் என் மாமியார். "அப்பனுக்குப் பெரியவன் வெச்சான். எனக்குச் சின்னவன்தானே கொள்ளி வெக்கணும்? செத்தவன் எப்படி வந்து வெப்பான்?"

எங்கள் வழக்கம் அது. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். கொள்ளி வைக்கிறவனுக்குத்தான் மொட்டையும், மற்றவனுக்கு இல்லை. அந்த அம்மாள் உலகத்தில் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

"அவன் இருந்தாத்தானே வெக்கறதுக்கு?" என்று பெரியப்பா சொல்லி வாயை மூடவில்லை, கண்ணாடியில் "ஆட்டாதே" என்று சிவப்பாக எரிந்தது. உள்ளே ஏதோ படக்கென்று விழுந்தது. சோதனைக்காக எரியவிட்டிருந்த மற்ற விளக்கெல்லாம் அணைந்தன. யாரும் மெஷினைத் தொட்டிருக்கவில்லை. லாரி போன அதிர்வு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். லாரி எதுவும் போகவில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தீபம் கழிந்ததும் புரோகிதரோடு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தீபத்துக்குச் சில நாள் முன்னால் பலகையைப் பெட்டியில் பூட்டினார்கள். பெயின்டரும் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் குண்டைப் போட்டு, சுண்டுகம்பிக்குக் கை நீட்டினார். இடது பக்கம் நீட்டினார். அங்கே கம்பி இல்லை, வலது பக்கம் இருந்தது. ஒன்றும் புரியாமல் அதையே இழுத்து விட்டார். குண்டு வலது ஓரமாக ஏறி, உச்சியில் வளைந்து, மலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு ஓடியது. எட்டு விளக்கும் ஒவ்வொன்றாக எரிந்தன. பெல் அடித்தது.

நடந்தது இதுதான். அந்தப் பெயின்டர் ஆயுசு முழுக்கக் கண்ணாடியின் பின்பக்கத்தில் சாமி எழுதியவர். பின்னாலிருந்து எழுதினால் முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு இடவலம் மாறித் தெரியும். அதனால் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் போடுவது அவர் கைக்குப் பழக்கம். பலகைக்கும் அப்படியே கவிழ்த்துவிட்டார். இவராவது கண்டுபிடித்திருக்க வேண்டாமா? இவர் வேலை முழுக்கப் பலகையின் அடிப்பக்கம். அடியிலிருந்து பார்த்தால் தப்பாக இருந்ததும் சரியாகத்தானே தெரியும்! காகிதத்தோடு ஒத்துப் பார்த்து ஒத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று துளை போட்டிருக்கிறார். கவிழ்த்துப் போட்ட பெட்டியிலும் பலகைக்குத் தோதாகக் கம்பிக்கு ஓட்டை போட்டுவிட்டார். சிரித்து உருளலாம். யாரும் சிரிக்கவில்லை. இடமாக ஓடிய அந்தக் குண்டைப் பார்த்து, பெரியப்பா கேட்ட காரியத்துக்கு இது சகுனமோ என்றுதான் எல்லோர் மனதிலும் ஓடியது.

என் வீட்டுக்காரர் நம்ப முடியாமல் இன்னொரு குண்டை எடுத்து மட்டையில் வைத்து மறுபக்கமாக அடித்தார். அது வலமாக ஏறியது. அதற்குள் முதல் குண்டையும் மறுபடி சுண்டியிருந்தார். இரண்டும் உச்சியில் நேருக்கு நேர் வந்து டக்கென்று முட்டிக்கொண்டு நின்றன.

என் மாமியார் கண்ணாடிக்கு மேல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருஷமா அவனத் தேடி ஊரோட சேந்து சுத்தினேன்" என்றார். "எல்லார் முதுகையும் பாத்துக்கினே நடந்திருக்கேன். எதுர்ல போனாத்தானேடா மொகம் தெரியும்?"

பொருட்காட்சிக்காரர் வந்து பார்த்துவிட்டு, இடமாகச் சுற்றுகிற மெஷினை வைத்தால் ஜனங்கள் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள் என்று தன் அமெரிக்க மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போனார். எங்கள் மெஷின் கடையிலேயே நின்றுவிட்டது. பிரித்துச் சரி பண்ணுகிறேன் என்று இவர் கிளம்பியபோது, "வாணாம், அப்படியே இருக்கட்டும்" என்று மாமியார் தடுத்தார்.

தீபத்தன்று மத்தியானம் அவரும் நானும் கிளம்பினோம், இடமாக. தனியாக அனுப்ப மனம் வரவில்லை. செங்கம் ரோட்டில் ஊரே மேற்கே போகிறது, நாங்கள் இருவர் மட்டும் கிழக்கே. ஆரம்பத்தில் எல்லோரும் நின்று சொன்னார்கள். "ஏம்மா, இப்படிப் போவக்கூடாது, திரும்புங்க." ஒருவர் எங்களுக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊரைத் தாண்டி, ஈசானிய லிங்கத்துப் பக்கத்துச் சுடுகாட்டையும் தாண்டி மலைக்கு வடபுறமாகத் திரும்பினபோது சொல்லுவதை நிறுத்திவிட்டார்கள். ஒதுங்கி வழி விட்டார்கள். அது அதைவிட மோசமாக இருந்தது. முகம், முகம், முகம். திருநீறு பூசிய முகம், தாடி முகம், தூங்கிக்கொண்டே நடக்கிற முகம். ஒவ்வொன்றும் எங்களை ஒரு கணம் பார்த்துவிட்டு விலகியது. கொஞ்ச நேரத்தில் எனக்கு எல்லா முகமும் கொழுந்தன் முகமாகத் தெரிய ஆரம்பித்தது. பயத்தில் மாமியாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண் கொட்டவே இல்லை.

அடி அண்ணாமலை தாண்டிப் புளியமரங்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தபோது பொழுது இறங்கியது. திடீரென்று அத்தனை கூட்டமும் நின்றது. மலை உச்சியில் தீபம். அரோகரா என்று எழுந்த சத்தத்தில் காது அடைத்துவிட்டது. எல்லோரும் மலையைப் பார்த்துக் கையெடுத்தார்கள். நானும் திரும்பிக் கும்பிட்டேன்.

மறுபடி நான் மாமியாரைப் பார்த்தபோது அவர் மலையைப் பார்க்கவில்லை. எங்களைத் தாண்டிப் போகிற கூட்டத்துக்குள் ஒரு இடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கையில் அந்த இடத்தில் நகர்ந்து போகிற முதுகுகள்தான் இருந்தன.

"பாத்தேன்" என்றார்.

"கூப்புடலயா அத்தை?"

"எல்லாரும் தீபத்தப் பாத்தாங்க. அவன் என்னைப் பாத்தான். போதும், வா." நிஜமாகவே பார்த்தாரா, பார்க்க வேண்டும் என்பதற்காகப் பார்த்தாரா என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. புரோகிதரோடு வந்த பெரியப்பாவை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் மலை சுற்றப் போகவே இல்லை.

வருஷங்கள் போயின. மெஷினின் ஒயர்களில் பாதியை வேறு வேலைக்கு உருவியாகிவிட்டது. மேலே பழைய துணி, அதன்மேல் வார்னிஷ் டப்பா. பெல் மட்டும் அப்படியே இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு விடியற்காலையில் அது ஒரு தரம் அடித்தது. எத்தனையோ காலம் கழித்து அடித்ததால் படுக்கையிலிருந்து எழுந்து போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது மாமியாருக்குப் போர்வை சரி பண்ணக் குனிந்தேன். உடம்பு சில்லென்றிருந்தது.

பெரியப்பா வந்தார். யார் கொள்ளி வைப்பது என்று அவர் கேட்கவே இல்லை. என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை. ஆனால் எடுக்கலாம், எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நேரத்தைத் தள்ளினார். வெயில் சாய்ந்ததும் வேறு வழியில்லாமல் எடுத்தார்கள். நாலு பேர் ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். ஊருக்குள் புகுந்து ஈசானியப் பக்கம் போனார்கள்.

சுடுகாட்டுக்கு நாங்கள் போவதில்லை. பொம்பளைகள் பின்கட்டில் வீட்டைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. அப்போது முன்பக்கம் பெல் அடித்தது. ஒரு தரம் இல்லை, இரண்டு மூன்று தரம், சைக்கிளில் வீடு திரும்புகிறவன் அடிக்கிற மாதிரி. நான் இருமாமல் போனேன்.

மெஷின் பக்கத்தில் ஒரு ஆள், கட்டைவிரல் நெம்பில். தாடி, அழுக்கு வேட்டி, கால் முழுக்கப் புழுதி. மேற்கேயிருந்து, இடமாக நடந்து வந்திருக்க வேண்டும். வலமாக வந்திருந்தால் சுடுகாட்டு வழியாக வந்து அங்கேயே எல்லோரையும் பார்த்திருப்பார்.

"வெடியக்காலம் என் பெல்லு சத்தம் கேட்டுது அண்ணி" என்றார். "எங்கம்மா எங்க?"

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கையை நீட்டி ஊர்ப்பக்கம் காட்டினேன். "ஓடுங்க" என்றேன். அவர் ஓடினார். எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பிறகு கேட்டேன். யாரும் எங்கள் கடைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை என்று சத்தியம் பண்ணினார்கள்.

இருட்டுகிற நேரத்தில் ஆம்பளைகள் திரும்பினார்கள். பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். என் வீட்டுக்காரர் கிணற்றடியில் நின்று தண்ணீர் ஊற்றச் சொல்லிக் குனிந்தார். நான் சொம்பைத் தூக்கினேன். அவர் தலையில் முடி அப்படியே இருந்தது.